உள்ளே துணி விடாமல் தைத்த ரயில்

ஐந்துக்கு மூன்று. மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் இதோடு போய் டிக்கெட் எடுக்கலாம்.

பெங்களூரில் இருந்து ஓசூர், தர்மபுரி, சேலம், நாமக்கல், கரூர் வழியாகத் தெற்கே போகும் ராத்திரி ரயில், ஸ்லீப்பர் வகுப்பு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அந்தப் பாதையில் ஒன்றுக்கு மேல் ரயில் ஓடுகிறது. எது என்று பெயரும் எண்ணும் சொல்ல மாட்டேன். ஒன்றைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

நான் அல்சூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். புதுத் துணி தைப்பது குறைவு, ஆல்ட்ரேஷன்தான் பிழைப்பு. 1986இல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். அம்மா திண்டுக்கல் பக்கம் சின்னாளப்பட்டியில் இருக்கிறாள், 84 வயது. ஆறேழு வாரத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அந்தக் காலத்தில் எங்கெங்கோ சுற்றிப் போயிருக்கிறோம். 2013இல் சேலம்–நாமக்கல்–கரூர் பாதை திறந்த பிறகுதான் நேர்வழி கிடைத்தது. அந்தப் பாதையைப் போட்டவர்களுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவள். இதைச் சொல்லிவிட்டே மற்றதைச் சொல்கிறேன்.

டிக்கெட்டில் இருந்து தொடங்கலாம். 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு. அதற்கு முன் 120 நாள் இருந்தது. காலை எட்டு மணிக்குத் திறக்கும். பண்டிகை இல்லாத வாரத்தில், செவ்வாய் புதன் மாதிரி நாளில், அவசரமில்லாமல் காபி குடித்துவிட்டு எடுக்கலாம். வெள்ளிக்கிழமை ராத்திரியை மட்டும் கேட்காதீர்கள். 45 வயது தாண்டிய பெண்களுக்குக் கீழ் படுக்கை ஒதுக்கீடு இன்னும் இருக்கிறது, தனியாகப் போகிறவர்கள் அந்தக் கோட்டாவில் எடுங்கள். 33 அல்லது 36 கிடைத்தால் நல்லது. பெட்டிக்கு நடுவில் வரும், இரண்டு பக்கக் கழிப்பறைக்கும் தூரம். திண்டுக்கல் வரை முந்நூறு ரூபாய்க்குள் ஆகிறது. எடுத்த சீட்டை ரத்து செய்தால், எவ்வளவு முன்னாலேயே செய்தாலும், குறைந்தது 120 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். அதனால் போகிறேன் என்று சொன்னால் காய்ச்சல் இருந்தாலும் போய்விடுவேன்.

பொங்கல் கழிந்த வாரம் போனேன். கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ஏறினேன். வண்டி கிட்டத்தட்ட நேரத்துக்கு வந்தது. பெட்டிக்குள் விளக்கு எரிந்தது, தண்ணீர் வந்தது, சார்ஜர் சொருகும் இடம் வேலை செய்தது. எதிர்வரிசை மின்விசிறி ஒன்று ஸ்விட்சைப் போட்டும் சுற்றவில்லை. பக்கத்துப் பையன் சீப்பை உள்ளே விட்டு ஒரு தட்டுத் தட்டினான், ஓட ஆரம்பித்தது. இந்த வைத்தியம் தெரியாத ரயில் பயணி நம் நாட்டில் இருக்க முடியாது. கழிப்பறை ஓசூர் வரை சுத்தம், தர்மபுரி வரை பரவாயில்லை, அதற்கு மேல் நான் போகவில்லை. சுத்தம் செய்வது ஒப்பந்தக்காரர் ஆட்கள். பாவம், ஒரு பையன் எத்தனை பெட்டிக்கு ஓடுவான்?

இங்கே ஒன்றைக் கவனித்தேன். தொழில் புத்தி, எங்கே போனாலும் தையலைத்தான் கண் பார்க்கும். என் படுக்கையின் ரெக்ஸின் உறை ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்திருந்தது, உள்ளே இருந்த ஃபோம் எட்டிப் பார்த்தது. கிழிசல் இல்லை, தையல் விட்டது. விரலால் நெருக்கிப் பார்த்தேன். உள்மடிப்பில் கால் அங்குலம்கூடத் துணி இல்லை. ஊசி போன ஓட்டைகள் ரெக்ஸினின் விளிம்பை ஒட்டி வரிசையாகத் தெரிந்தன. தபால் தலையைப் பிய்க்க ஓட்டை போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. ஆள் உட்கார்ந்து எழுந்தால் அந்த வரிசையிலேயே பிய்ந்து வரத்தான் செய்யும். அரை அங்குலம் உள்ளே விட்டிருந்தால் அந்த உறை பத்து வருடம் உழைத்திருக்கும்.

எங்கள் தொழிலில் இது முதல் பாடம். பிளவுஸ் கொடுக்க வருகிற பெண்கள் எல்லோரும் கடைசியில் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "அக்கா, உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைங்க." உடம்பு போட்டால் பிரித்து விட்டுக்கொள்ளலாம் இல்லையா. ஆனால் 80 சென்டி பிட்டைக் கொண்டுவந்து, பெரிய அளவுக்கு, முழங்கை வரை கை வேண்டும் என்று கேட்டால் தையல்காரி என்ன செய்வாள்? கழுத்தைக் குறைக்க முடியாது, கையைக் குறைக்க முடியாது, இரண்டும் வெளியே தெரியும். உள்மடிப்பில்தான் கை வைப்பாள். ஹேங்கரில் தொங்கும்போது இரண்டு பிளவுஸும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்து வித்தியாசம் தெரியும்.

ரயிலிலும் வெட்டு அங்கேதான் விழுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பிப்ரவரி முதல் தேதி பட்ஜெட். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் ரயில்வேக்கு எவ்வளவு, கர்நாடகத்துக்கு எவ்வளவு, தமிழ்நாட்டுக்கு எவ்வளவு என்று பேசுவார்கள். 1924 முதல் ரயில்வேக்குத் தனி பட்ஜெட் இருந்தது. 2016 பிப்ரவரியோடு அது முடிந்து, 2017இல் பொது பட்ஜெட்டில் சேர்த்துவிட்டார்கள். 2025-26க்கு மத்திய அரசு ஒதுக்கியது 2,52,000 கோடி ரூபாய். முந்தைய வருடமும் அதே தொகை. சின்னத் தொகை இல்லை. அப்படியிருக்க வெட்டு எங்கே வந்தது என்று கேட்பீர்கள்.

என் கடைக் கணக்கில் சொல்கிறேன். ஜூக்கி தையல் மெஷின் வாங்க மகள் பணம் கொடுத்தாள். பளபளவென்று வாசலில் நிற்கிறது, வருகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். ஆனால் நூல், ஊசி, எண்ணெய், கரண்ட் பில், எனக்கு உதவிக்கு வரும் பெண்ணின் சம்பளம், இதெல்லாம் கடையில் அன்றாடம் விழும் காசில் இருந்துதான். ரயில்வேயிலும் அப்படித்தான். அரசு கொடுக்கும் பெரும்பணம் புதுப் பாதை, புது வண்டி, புது ஸ்டேஷன் என்று கண்ணுக்குத் தெரியும் முதலீட்டுக்கு. தினசரி ஓட்டும் செலவு ரயில்வேயின் சொந்த வருமானத்தில் இருந்து வரவேண்டும். அதில் 100 ரூபாய் வந்தால் 98 ரூபாய் செலவாகிவிடுகிறது. வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரியும் சிமென்டும் ஏற்றும் சரக்கு வண்டிகள் சம்பாதித்துக் கொடுப்பது. நம்மை ஏற்றிக்கொண்டு போவதில் நஷ்டம்தான். ஒரு ஆளை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக 1 ரூபாய் 38 காசு ஆகிறது, வாங்குவது 73 காசு என்று 2025 மார்ச்சில் ரயில்வே அமைச்சர் மாநிலங்களவையில் கணக்குச் சொன்னார்.

சரி, அந்த மிச்சம் இரண்டு ரூபாயும் போய்விட்டால்? சரக்கு வண்டியில் நிலக்கரி ஏற்றுவது ஒரு வருடம் மந்தமானால்? டெல்லியில் கையைச் சுருக்கிக்கொண்டால்? திறப்பு விழா நடக்கிற இடத்தில் யாரும் வெட்ட மாட்டார்கள். உள்மடிப்பில் வெட்டுவார்கள்.

இதை நானாகக் கற்பனை செய்யவில்லை. பழைய தண்டவாளத்தை மாற்றுவது மாதிரிப் பாதுகாப்பு வேலைகளுக்கென்று 2017-18இல் ஒரு லட்சம் கோடியில் தனி நிதி ஒன்றை ஆரம்பித்தார்கள், ஐந்து வருடத்துக்கு. அதில் வருடத்துக்கு 5,000 கோடி ரயில்வே தன் சொந்தக் கையில் இருந்து போடவேண்டும் என்பது ஏற்பாடு. 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்த தணிக்கை அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? நாலு வருடத்தில் போட்டிருக்க வேண்டியது 20,000 கோடி, அதில் 15,775 கோடி குறைவு. கையில் காசு இல்லை, போடவில்லை. தண்டவாளம் புதுப்பிக்க ஒதுக்கியதும் 2018-19இல் 9,600 கோடி சொச்சமாக இருந்தது, அடுத்த வருடம் 7,400 கோடி சொச்சமாக இறங்கியது என்று அதே அறிக்கை சொல்கிறது. அந்த நேரத்தில் ஏதாவது ஒரு ரயிலை நிறுத்தினார்களா? இல்லை. எல்லா வண்டியும் ஓடியது, எல்லாப் பெட்டிக்கும் பெயின்ட் அடித்திருந்தது. ஹேங்கரில் அழகாகத் தொங்கியது.

வெட்டு என்றால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வெட்டுவதும் உண்டு. என் அண்ணன் மகன் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் பக்கம் இருக்கிறான். அங்கே சிகாகோவுக்கு ஹூசியர் ஸ்டேட் என்று ஒரு ரயில் வாரத்துக்கு நாலு நாள் ஓடியது. பெங்களூர்–சென்னை தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. ஓட்டியது ஆம்ட்ராக், அந்த நாட்டின் பயணிகள் ரயில் நிறுவனம். 2008இல் வந்த சட்டப்படி 750 மைலுக்குக் குறைந்த தடங்களின் செலவை அந்தந்த மாநிலம்தான் ஏற்கவேண்டும். இண்டியானா மாநிலம் வருடம் முப்பது லட்சம் டாலர் கொடுத்துவந்தது. 2019 பட்ஜெட்டில் அந்த ஒதுக்கீட்டை எடுத்துவிட்டார்கள். ஜூன் 30ஆம் தேதியோடு ரயில் நின்றது. இப்போது நீண்டதூர வண்டி ஒன்று வாரம் மூன்று நாள் அந்த வழியாகப் போகிறது, அவ்வளவுதான். "அத்தை, இங்க யாரும் பெருசா கவலைப்படல, எல்லார்கிட்டயும் கார் இருக்கு" என்றான்.

நம் ஊரில் அப்படி ஒரு ரயிலை நிறுத்தினால் மறியல் செய்வார்கள். அதனால் இங்கே நிறுத்துவதில்லை, மெலிய விடுகிறார்கள். நான் போகும் வண்டியில் ஸ்லீப்பர் பெட்டி எஸ்-11 வரை பார்த்த ஞாபகம் எனக்கு இருக்கிறது. இப்போது எஸ்-7இல் முடிந்துவிடுகிறது, மற்ற இடத்தில் ஏசி பெட்டி. ஒரு புது மாதிரி ஸ்லீப்பர் பெட்டியில் 80 பேர் படுக்கலாம். மூன்றாம் ஏசியில் 72 பேர், கட்டணம் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. கணக்குப் போடத் தெரிந்த எந்த முதலாளியும் எந்தப் பெட்டியை மாட்டுவான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அரசு பணம் குறைந்தால் இந்தக் கணக்குதான் முதலில் ஜெயிக்கும். நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும்: ஏசி இல்லாத பெட்டிகளை ஆயிரக்கணக்கில் கட்டப்போவதாக அறிவித்திருக்கிறார்கள், ஏசியே இல்லாத அம்ரித் பாரத் ரயிலையும் 2023 டிசம்பரில் விட்டார்கள். முதலில் வந்த இரண்டில் ஒன்று மேற்கு வங்கத்து மால்டாவில் இருந்து நம் பெங்களூருக்குத்தான் வருகிறது. நம் பக்கத்து ராத்திரி வண்டியில் அந்தப் பெட்டிகள் வந்து சேரும்போது மார்க்கைத் திருத்திக்கொள்கிறேன்.

அன்றைக்கு என் எதிரில் 39ஆம் நம்பர் பக்கவாட்டுக் கீழ் படுக்கையில் ஒரு பெண் இருந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். பொம்மனஹள்ளிப் பக்கம் கார்மென்ட்ஸ் வேலை, ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். ஆர்ஏசி சீட்டு. முகம் தெரியாத ஒரு பெரியவரோடு அந்த ஒரு படுக்கையைப் பங்கு போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆர்ஏசி என்றால் பாதிப் படுக்கை, முழுக் கட்டணம். இதை யார் கண்டுபிடித்தார்களோ, என் கடையில் ஒரு கை மட்டும் வைத்து பிளவுஸ் தைத்து முழுக்கூலி கேட்டால் துடைப்பத்தோடு வருவார்கள்.

அந்தப் பக்கவாட்டுப் படுக்கையையும் பார்த்தேன். இரண்டு இருக்கையின் முதுகையும் மடக்கிச் சேர்த்தால்தான் படுக்கை ஆகும். சேரும் இடத்தில் நடுமுதுகுக்கு நேராக ஒரு பள்ளம். பையில் இன்ச் டேப் எப்போதும் இருக்கும், வைத்து அளந்தேன். ஒன்றேகால் அங்குலம். அந்தப் பெண் சிரித்தாள். "என்னக்கா, ரயிலுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

டிக்கெட் பரிசோதகர், டிடிஇ வந்தார். நாற்பது வயது இருக்கும், முகத்தில் தூக்கம். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது படுக்கை இருக்கிறதா என்று நான்தான் கேட்டேன். கையில் இருந்த டேப்லெட்டைக் காட்டி, "வராதவங்க சீட்டு இதுலயே ஏறும்மா, தர்மபுரி தாண்டட்டும்" என்றார். அப்புறம் அவராகவே, "எனக்கு அஞ்சு பெட்டிம்மா. இந்தப் பெட்டிய முடிக்கிறதுக்குள்ள அடுத்த ஊர் வந்துடுது" என்றார். புலம்பலாகச் சொல்லவில்லை, மணி என்ன என்று சொல்வது போலச் சொன்னார். ரயில்வேயில் நிரப்பாத இடங்கள் 2023இல் இரண்டரை லட்சத்துக்கும் மேல். பட்ஜெட்டில் சம்பளச் செலவு குறைந்தது என்று காட்டுவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆளை வேலையைவிட்டு நீக்கினால் சண்டை வரும். ஓய்வு பெற்றவர் இடத்தைக் காலியாக விட்டால் யார் சண்டை போடுவார்கள்? இருக்கிறவர் ஐந்து பெட்டிக்கு நடக்கிறார்.

தர்மபுரிக்குப் பிறகு அவளுக்கு மேல் படுக்கை கிடைத்தது. அதற்கு முன்னால் ஒரு வேலை செய்தோம். என் கைப்பையில் கோணி ஊசியும் ஜீன்ஸ் தைக்கிற தடி நூலும் கிடந்தன. அம்மாவின் மெத்தையைத் தைக்க எடுத்துவைத்தது. சாதாரண ஊசி ரெக்ஸினில் வளைந்துவிடும், கோணி ஊசி போகும். அவள் செல்போன் விளக்கைப் பிடித்தாள். பழைய ஓட்டை வரிசையை விட்டு அரை அங்குலம் உள்ளே தள்ளி, எடுப்புத் தையலாக ஒரு சாண் தைத்தேன். வண்டி ஆடியதில் இரண்டு முறை விரலில் குத்திக்கொண்டேன். அவள் கார்மென்ட்ஸ்காரி இல்லையா, பார்த்துவிட்டு, "அங்குலத்துக்கு நாலுதான் விழுந்திருக்கு, எங்க லைன்ல ரிஜெக்ட் பண்ணிடுவாங்க" என்றாள். கறுப்பு ரெக்ஸின் இல்லை, நீலம். என்னிடம் இருந்தது காக்கி நூல். அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் நின்றது.

சலுகை விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குச் சொந்தக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. ஆண்களுக்கு 60 வயதில் 40 சதவீதம், பெண்களுக்கு 58 வயதில் 50 சதவீதம் என்று மூத்தவர்களுக்குக் கட்டணச் சலுகை இருந்தது. எனக்கு 58 முடிந்தது 2021இல். சலுகையை நிறுத்தியது 2020 மார்ச் 20இல், கொரோனா நேரத்தில். வரிசையில் நின்று நின்று ஜன்னலுக்கு வந்ததும் பலகையைச் சாத்திவிட்ட கதை. மாற்றுத்திறனாளிகளுக்கும் நோயாளிகளுக்கும் மாணவர்களுக்கும் தொடர்ந்தது, அது நல்லது. அதற்கு முன்னால் சில வருடம், விருப்பம் இருந்தால் சலுகையை விட்டுக்கொடுக்கலாம் என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டார்கள். கேட்டார்கள் என்பதே ஒரு மரியாதை. 2020இல் கேட்கவில்லை. ஸ்லீப்பருக்கும் மூன்றாம் ஏசிக்குமாவது திருப்பிக் கொடுக்கலாம் என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே சொல்லிப் பார்த்தது. கொரோனா போய்விட்டது, சலுகை வரவில்லை. எனக்கு ஒரு பயணத்துக்கு நூறு, நூற்றிருபது ரூபாய்தான் வித்தியாசம். இரண்டு பிளவுஸ் பிரித்துவிடுகிற கூலி. ஆனால் வருடத்துக்குப் போகவரப் பதினாறு சீட்டு எடுக்கிறேனே.

டிக்கெட்டில் ஒரு வாசகம் அச்சடிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் வசூலிக்கிறோம் என்று. இணையத்தில் எடுக்கும் சீட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், உங்கள் கட்டணத்தில் 43 சதவீதத்தை நாட்டின் சாமானியக் குடிமக்கள் சுமக்கிறார்கள், தெரியுமா என்று கேட்டிருந்தார்கள். அந்தச் சாமானியக் குடிமகள் யார் என்று கழுத்தில் டேப்போடு யோசித்தேன். நூல்கண்டு வாங்கினால் வரி, ஊசி வாங்கினால் வரி கட்டுகிறேன். ஸ்லீப்பரில் என்னோடு படுத்திருக்கும் எழுபத்தொன்பது பேரும் கட்டுகிறார்கள். வேறு யாரோ தூக்கிச் சுமப்பது போலச் சொன்னால் எப்படி?

கட்டணத்தை ஏற்றவே கூடாது என்கிற கட்சி நான் இல்லை. 2025 ஜூலையில் ஏசி இல்லாத எக்ஸ்பிரஸ் வகுப்புக்குக் கிலோமீட்டருக்கு ஒரு காசு ஏற்றினார்கள், டிசம்பர் 26இல் இன்னும் இரண்டு காசு. திண்டுக்கல் வரை சுமார் 370 கிலோமீட்டர், எனக்குப் பத்துப் பன்னிரண்டு ரூபாய் கூடியது. தேதி சொன்னார்கள், தொகை சொன்னார்கள், கொடுத்துவிட்டேன், வருத்தம் இல்லை. கூலியை ஏற்றினால் நானும் கடை வாசலில் எழுதி ஒட்டுகிறேன். உள்ளே துணியைக் குறைத்துவிட்டுப் பழைய கூலியே என்று பெருமை பேசுவதுதான் எனக்குப் பிடிக்காது.

அந்த மாதிரி ஒன்று எங்கள் ஊரிலேயே நடந்தது. திண்டுக்கல்லில் இறங்கி அம்பாத்துரைக்கு பாசஞ்சரில் போனால் பத்து ரூபாய். அங்கே இருந்து சின்னாளப்பட்டி பக்கம். கொரோனா முடிந்து வண்டிகள் திரும்ப ஓட ஆரம்பித்தபோது அதே வண்டி, அதே பெட்டி, அதே வேகம், பெயர் மட்டும் எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல் என்று மாறியிருந்தது. குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய். நாடு முழுக்க அப்படித்தான். பூக்கூடையோடு வரும் கிழவிகளுக்கு முப்பது. 2024 பிப்ரவரி கடைசியில் திரும்பவும் பத்து ஆனது. தேர்தல் வரப்போகிற நேரம், மேலே நான் ஒன்றும் சொல்லவில்லை. பல சின்ன ஸ்டேஷன்களில் கொரோனாவோடு எடுத்த நிறுத்தங்கள் சில திரும்பின, சில திரும்பவில்லை. வரவு செலவு பார்த்தால் ஒரு கூடை பூவுக்காக ஒரு ரயிலை நிறுத்தி எடுப்பது நஷ்டம்தான். ஆனால் அந்தப் பூ திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு வேறு எப்படிப் போகும் என்று அந்தக் கணக்கில் ஒரு கட்டம் கிடையாது.

மற்ற வழிகளோடு ஒப்பிட வேண்டுமே. வந்தே பாரத்தில் ஒரு முறை போயிருக்கிறேன், மகள் எடுத்துக் கொடுத்தாள். 2024 ஆகஸ்ட் கடைசியில் விட்ட மதுரை வண்டி. மத்தியானம் கண்டோன்மென்டில் கிளம்புகிறது, திருச்சியைச் சுற்றிக்கொண்டு ராத்திரி திண்டுக்கல். சுத்தம், நேரம், இரண்டிலும் குறை சொல்ல முடியாது. சாப்பாடு உண்டு. ஆனால் ஸ்லீப்பர் கட்டணத்தைப் போல நாலைந்து மடங்கு, ஒரு நாள் கடையும் மூடவேண்டும். மடிவாளாவில் ஏறும் ஆம்னி பஸ், சாதாரண நாளில் பரவாயில்லை, தீபாவளிக்கு அவர்கள் கேட்பதைச் சொல்லி என் ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்ள விரும்பவில்லை. என் மாதிரி ஆளுக்கு ராத்திரி ஏறிக் காலையில் இறங்கும் ஸ்லீப்பர்தான். அதுதான் பயம். வேறு வழி இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனால், மிச்சம் இருப்பவர்களின் பெட்டிக்காக டெல்லியில் யார் பேசுவார்கள்?

புதுசாகக் கட்டுவதிலும் பணம் தட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. பெங்களூர் புறநகர் ரயில், 148 கிலோமீட்டர், 15,767 கோடி, மத்திய அரசு கொஞ்சம், மாநிலம் கொஞ்சம், பெரும்பகுதி கடன். 2022 ஜூனில் அடிக்கல் நாட்டும்போது நாற்பது மாதம் என்றார்கள். 2025 அக்டோபரோடு நாற்பது மாதம் முடிந்தது. ரயிலைக் காணோம். பையப்பனஹள்ளி–ஓசூர் இரட்டைப்பாதை, 48 கிலோமீட்டர், அதுவும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அது முடியாத வரை நம் வண்டி எதிர்வண்டிக்காக வழியில் நின்று நின்றுதான் போகவேண்டும். அன்றைக்கும் எங்கோ இருட்டில் இருபது நிமிடம் நின்றோம். அந்தச் சாக்கில்தான் தையல் நேராக விழுந்தது, அதையும் சொல்லவேண்டும்.

திண்டுக்கல்லில் விடியுமுன் இறங்கினேன், அரை மணி நேரம் தாமதம். ஆகமொத்தம் விலைக்கு ஒரு மார்க், கீழ் படுக்கை ஒதுக்கீட்டுக்கு ஒரு மார்க், அந்த டிடிஇயும் சுத்தம் செய்த பையனும் ஓடிய ஓட்டத்துக்கு ஒரு மார்க். ரெக்ஸினுக்கு ஒன்றும் கிடையாது. 58க்கும் கிடையாது.

மார்ச் மாதச் சீட்டு எடுத்துவிட்டேன். எஸ்-4, 36. இந்த முறை நீல நூல் வாங்கிப் பையில் போட்டிருக்கிறேன்.